சக்கரம் விழாத கிராசிங்: ஈஎம் கேஜ் பாயின்ட்கள் மூன்றைப் பற்றிய மதிப்பீடு

என் வேலை அறையின் சுவரோரமாக, நான்கு அடி நீளமுள்ள ஒட்டுப்பலகை ஒன்று எட்டு மாதங்களாகக் கிடக்கிறது. அதன் மீது மூன்று பாயின்ட்களை, அதாவது ரயிலை ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்குத் திருப்பும் அமைப்புகளை, அடுத்தடுத்துப் பதித்திருக்கிறேன். முதலாவது, தொழிற்சாலையில் முழுமையாகச் செய்யப்பட்டுப் பெட்டியில் வந்தது. இரண்டாவது, உதிரிப் பாகங்களாக வந்து ஒரே மாலையில் என் மேசையில் உருப்பெற்றது. மூன்றாவதை வெறும் தண்டவாளக் கம்பியிலிருந்து நானே அராவியும் வளைத்தும் செய்தேன். அதற்கு மூன்று வாரங்கள் பிடித்தன. 1950களின் தொடக்கத்தில் தெற்கு இங்கிலாந்தில் இருந்திருக்கக்கூடிய ஒரு கிளைப்பாதையின் முனைய நிலையத்தை மாதிரியாகக் கட்டி வருகிறேன். இந்த மூன்றில் எதை நிலையத்தின் எந்தப் பகுதியில் பதிப்பது என்று முடிவு செய்வதற்காகவே இந்தச் சோதனைப் பலகையை அமைத்தேன். மாதிரி ரயில் கட்டுவோர் எஞ்சினுக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்பங்கைக்கூட அது ஓடும் பாதைக்குக் கொடுப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். பார்வையாளரின் கண்ணுக்கு எஞ்சின் வந்து போகும் ஒன்று. பாதையோ எப்போதும் அங்கேயே இருப்பது.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் பெருவழக்காக உள்ள மாதிரி அளவு, உண்மையான ஓர் அடியை 4 மி.மீ. ஆகக் குறுக்குவது, அதாவது 1:76.2 விகிதம். உண்மையான ஸ்டாண்டர்டு கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையிலான வழக்கமான அகலம், 1435 மி.மீ. என்பதால், இந்த விகிதத்தில் தண்டவாளங்களுக்கு இடையே 18.83 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும், ஓஓ எனப்படும் பாதையின் அகலம் 16.5 மி.மீ. மட்டுமே. இதை உண்மை அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் 1257 மி.மீ. வருகிறது; சுமார் 178 மி.மீ. குறைவு. எஞ்சினை முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது, பெரிய உடம்புக்குக் கீழே சக்கரங்கள் ஒடுங்கி நிற்பதுபோலத் தெரிவதற்கு இதுவே காரணம். இந்தக் குறையைச் சரிசெய்யத் தோன்றிய இரு வழிகளில் ஒன்று 18.2 மி.மீ. அகலமுள்ள ஈஎம், மற்றொன்று 18.83 மி.மீ. அகலத்தை அப்படியே கடைப்பிடிக்கும் பி4 (P4). நான் ஈஎம் வழியைத் தேர்ந்தெடுத்தேன். உண்மை அளவில் அது 48 மி.மீ. அளவுக்குக் குறைவு என்றாலும், கண் அதை ஏற்றுக்கொள்கிறது. பலகையின் சிறு மேடுபள்ளங்களையும் சக்கரங்கள் பொறுத்துக்கொள்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் உள்ள பெண்டன் அருங்காட்சியகத்தின் நிலக்காட்சி மாதிரி இதையொட்டிய 18 மி.மீ. அகலத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்த எவரும் 18.83 இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அகலத்துக்கு அடுத்தது தண்டவாளத்தின் வடிவம். தமிழ்நாட்டில் நாம் பார்த்து வளர்ந்தது, அடிப்பாகம் தட்டையாக அகன்று கான்கிரீட் கட்டைகளின் மீது நேரடியாக அமரும் தண்டவாளம். பிரிட்டனில் நூறாண்டுகளுக்கு மேலாக ஆட்சி செய்தது வேறொன்று. அதன் பெயர் புல்ஹெட். மேலும் கீழும் உருண்டையாக, தலை சற்றுத் தடித்திருக்கும் அந்தத் தண்டவாளம் தானாக நிற்காது. மரக்கட்டையின் மீது திருகப்பட்ட வார்ப்பிரும்பு இருக்கைக்குள் அதை நிறுத்தி, வெளிப்பக்கத்தில் ஒரு மர ஆப்பை அடித்து இறுக்குவார்கள். இரட்டைப் பாதையில் ரயில் ஓடும் திசையிலேயே ஆப்புகளை அடிப்பது வழக்கம். ரயில்களின் இழுப்பில் தண்டவாளம் மெல்ல நகர்ந்தால், அந்த நகர்வே ஆப்பை மேலும் இறுக்கும் என்பது அதன் பொருள். லண்டன் அண்டர்கிரவுண்டின் சில பகுதிகளிலும் பாரம்பரிய ரயில் பாதைகளிலும் இதை இன்றும் காணலாம். கெஜத்துக்கு 95 பவுண்டு எடையுள்ள புல்ஹெட் தண்டவாளத்தின் உயரம் சுமார் 145 மி.மீ. அதை 76.2 ஆல் வகுத்தால் 1.9 மி.மீ. வருகிறது. மாதிரித் தண்டவாளங்களில் கோட் 75 எனப்படும் 0.075 அங்குல உயரமும் அதுவே. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மாதிரி செய்பவர் எந்தச் சமரசமும் செய்துகொள்ள வேண்டியதில்லை.

இனி கிராசிங். பாயின்ட் என்ற பொறியமைப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. என் மதிப்பீடு முழுவதும் அதைச் சுற்றியே அமைந்திருக்கிறது. இரு பாதைகள் பிரியும் இடத்தில் ஒரு தண்டவாளம் மற்றொன்றைக் குறுக்கே வெட்டிச் செல்ல வேண்டியிருக்கிறது. சக்கரத்தின் விளிம்பு கடந்து போக அங்கே ஓர் இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளி உண்மையில் 1¾ அங்குலம், அதாவது 44 மி.மீ.; 4 மி.மீ. அளவில் 0.58 மி.மீ. ஈஎம் கேஜில் அதற்கு 1.0 மி.மீ. கொடுக்கிறார்கள். இந்த எண் சிறியதாக இருப்பது வெறும் தோற்றத்துக்காக என்றுதான் நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஆனால் சக்கரம் கிராசிங்கின் கூர்மூக்கைத் தாண்டும்போது என்ன நிகழ்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். மூக்குக்குச் சற்று முன்னால் சக்கரத்தின் உருளும் பரப்பு, மூக்கின் பக்கத்தில் வளைந்து நிற்கும் இறக்கைத் தண்டவாளத்தின் மீது இன்னும் தங்கியிருக்க வேண்டும். அதை விட்டு இறங்குவதற்குள் மூக்கின் மீது ஏறிவிட வேண்டும். அதற்குச் சக்கரத்தின் அகலம், விளிம்பு ஓடும் இடைவெளியைப் போல ஏறத்தாழ இரு மடங்காவது இருக்க வேண்டும். ஈஎம் சக்கரத்தின் அகலம் 2.3 மி.மீ.; இடைவெளியின் இரு மடங்கு 2.0 மி.மீ. ஆகவே சக்கரம் எந்தக் கணத்திலும் ஆதரவின்றி நிற்பதில்லை. இதே சக்கரத்தை 1.25 மி.மீ. இடைவெளியுள்ள கிராசிங்கில் ஓடவிட்டால் இரு மடங்கு 2.5 ஆகிவிடுகிறது, சக்கரம் பள்ளத்தில் விழுந்து மூக்கில் மோதி எழும். மாதிரி ரயில்களில் நாம் கேட்டுப் பழகிய அந்த ‘டக்’ என்ற சத்தமும், பெட்டியின் சிறு குலுக்கலும் அதனால் வருபவையே. ஆக, கண்ணுக்கு அழகாகத் தெரியும் குறுகிய இடைவெளிதான் சக்கரத்தையும் தாங்குகிறது. அழகுக்காக ஓட்டத்தையோ, ஓட்டத்துக்காக அழகையோ விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை இங்கே எழுவதே இல்லை.

இந்தப் பாடத்தை நான் பணம் கொடுத்தே கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு விற்பனையாளரிடம் தயாராகப் பற்றவைத்த கிராசிங் ஒன்றை வாங்கினேன். ஈஎம் அளவு என்று அட்டையில் எழுதியிருந்தது. வெர்னியர் காலிபரை வைத்துப் பார்த்தபோது இடைவெளி 1.3 மி.மீ. இருந்தது. அதில் என் சரக்கு வேகன்கள் ஒவ்வொரு முறையும் குதித்தன. எழுதிக் கேட்டேன்; இரண்டு மாதங்கள் கழித்து வேறொன்று வந்தது, அதுவும் 1.2 மி.மீ. அதிலிருந்து எந்தப் பாயின்ட் கைக்கு வந்தாலும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், முதலில் இடைவெளியை அளந்து பார்த்த பிறகே மற்றதைப் பார்க்கிறேன்.

முதல் பாயின்ட், பீக்கோ நிறுவனம் தயாரித்து ஈஎம் கேஜ் சொசைட்டி என்னும் ஆர்வலர் சங்கம் வழியாக விற்கப்படும் பி6 (B6). டெவன் மாவட்டத்தின் பீர் என்னும் கடலோரச் சிற்றூரில் இயங்கும் பீக்கோ 1946-இல் தொடங்கப்பட்டது; மாதிரி ரயில் பாதைகளைச் செய்துவருகிறது. அந்நிறுவனத்தின் ஸ்ட்ரீம்லைன் வகைப் பாதையை உலகெங்கும் காணலாம். எனினும் அதன் கட்டைகளின் இடைவெளியும் பருமனும் பெரும்பாலும் 1:87 விகிதத்தைத் தழுவியவை. பாயின்ட்கள் பெரும்பாலும் 12 பாகைக் கோணத்தில் பிரிபவை, அதாவது சுமார் 1:4.7. உண்மையான ரயில் பாதையில் அத்தகைய கூர்மையான பிரிவை, துறைமுகத்திலோ தொழிற்சாலை வளாகத்திலோ அல்லாமல் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது. பி6 அந்தப் பொது வடிவத்திலிருந்து விலகி, உண்மையான பிரிட்டிஷ் வரைபட மரபைப் பின்பற்றுகிறது. ‘பி’ என்பது, வண்டியைத் திருப்ப நகரும் நாக்குத் தண்டவாளத்தின் நீள வகை. ‘6’ என்பது கிராசிங் கோணம் 1:6 என்பதைக் குறிக்கிறது. ஏ, பி, சி என எழுத்து நகர நகர நாக்கு நீளும். எண் ஏற ஏறப் பிரிவு மென்மையாகும்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒழுங்கு. கட்டைகள் 4 மி.மீ. அளவுக்கு உரிய அகலத்திலும் இடைவெளியிலும் இருக்கின்றன. இருக்கைகளில் திருகுகளின் தலைகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. நான் அளந்த ஒவ்வோர் இடத்திலும் கேஜும், கிராசிங்குக்கு எதிர்ப்பக்கத்தில் சக்கரத்தை வழிநடத்தும் செக் ரெயிலின் இடைவெளியும் சீராக இருந்தன. அந்தச் சீர்மையே இதன் பெரிய பலம் என்று கருதுகிறேன். பலகையில் ஒட்டி, மின்கம்பிகளை இணைத்து, பத்து நிமிடங்களில் வண்டி ஓட்டினேன். ஒன்பது அடி அச்சு இடைவெளியுள்ள, அதாவது மாதிரியில் 36 மி.மீ. இடைவெளியுள்ள, 16 டன் நிலக்கரி வேகனை விரலால் மெல்லத் தள்ளியபோது, கிராசிங்கில் விரல் நுனிக்கு எந்த அதிர்வும் எட்டவில்லை.

இதன் எல்லை வடிவத்தில் இருக்கிறது. நேர்பாதையிலிருந்து ஒரு கிளை பிரியும் நிலை மட்டுமே இதில் உண்டு; அதை வளைக்க முடியாது. ஓர் உண்மையான நிலையத்தின் வாயிலில் பிரதான பாதையே ஒரு வளைவில் வந்து, அந்த வளைவுக்குள்ளேயே பாயின்ட் பிரியும். அந்த ஓட்டத்தை நேரான துண்டுகளை அடுக்கிப் பெற முடியாது. அது தயாரிப்பின் குறை அன்று. அச்சில் வார்த்துச் செய்யும் எந்தப் பொருளுக்கும் உள்ள இயல்பு. சரக்கு முற்றத்துக்கும், காட்சிக்கு அப்பால் ரயில்களை நிறுத்திவைக்கும் மறைவிடத்துக்கும் இதைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, பிரிட்டிஷ் ஃபைன்ஸ்கேல் என்னும் சிறு தயாரிப்பாளரின் உதிரிப்பாகத் தொகுப்பு. 1:7 கிராசிங் கொண்ட பி7. கட்டைகளும் இருக்கைகளும் ஒரே வார்ப்பாக அமைந்த பிளாஸ்டிக் அடித்தளம், ஒரே துண்டாக வார்க்கப்பட்ட உலோகக் கிராசிங், இயந்திரத்தில் முன்கூட்டியே சீவப்பட்ட நாக்குத் தண்டவாளங்கள் ஆகியவையே இதன் அடிப்படை. தண்டவாளத்தை இருக்கைகளுக்குள் ஒவ்வொன்றாகக் கோர்த்துத் தள்ளுவதுதான் வேலை. மாலை கட்டும்போது நாரில் பூக்கள் வரிசையாக அமர்வதுபோல, இருக்கை ஒவ்வொன்றிலும் கம்பி நுழைந்து வெளிவரும்போது ஒரு நிறைவு உண்டாகிறது. கேஜ் கருவி எதுவும் தேவைப்படவில்லை. அகலத்தை நிர்ணயிப்பது இருக்கைகளின் இடமே. அது அச்சிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

இந்தத் தொகுப்பில் என்னை மிகவும் கவர்ந்தது கிராசிங். கையால் செய்வதில் கடினமான பகுதியும், தவறு நேர்ந்தால் ஓட்டத்தை முற்றிலும் கெடுக்கும் பகுதியும் அதுதான். அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தாமே ஏற்றுக்கொண்டு, மற்ற வேலையை வாங்குபவரிடம் விட்டிருப்பது மிகச் சரியான பகிர்வு என்று நினைக்கிறேன். இடைவெளியை அளந்தேன்; ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தது. மூக்கும் சரியாக அமைந்திருக்கிறது. உண்மையான கிராசிங்கின் மூக்கு ஊசிபோலக் கூராக இருக்காது. முக்கால் அங்குல அகலத்தில் மழுங்கியிருக்கும், இல்லாவிட்டால் சக்கரங்களின் அடியில் அது நொறுங்கிவிடும். 4 மி.மீ. அளவில் அது கால் மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய ஒன்று கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்கலாம். பாதையின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி, கிராசிங்கின் நீளவாக்கில் பார்க்கும்போது தெரிகிறது.

இதைக் கட்டும்போது நான் செய்த ஒரு பிழையைக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் மற்றவர்களுக்கும் அது நேரக்கூடும். மின்கம்பிகளைத் தண்டவாளங்களின் அடியில் பற்றவைக்கும் வேலையை, எல்லாவற்றையும் கோர்த்து முடித்த பிறகு செய்தேன். சூடு ஒரு நொடி கூடியதும் இரண்டு இருக்கைகள் உருகிச் சாய்ந்துவிட்டன. அந்த இடத்தில் கேஜ் அகன்றுவிட்டது. கம்பிகளை முதலில் பற்றவைத்து, ஆறவிட்டு, பிறகு தண்டவாளத்தைக் கோர்ப்பதே சரியான முறை. கம்பி இருக்கும் இடம் இரு கட்டைகளுக்கு இடையே வருமாறு முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு இருக்கைகளை வெட்டி எடுத்துத் தனி இருக்கைகளை ஒட்டிச் சரிசெய்தேன். இன்று எந்த இடம் என்று கேட்டால் எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

பி7 ஓடும் விதம் பி6-ஐவிட ஒரு படி மேல். அதற்குக் கோணமே காரணம். 1:6 கிராசிங்கின் கோணம் சுமார் ஒன்பதரைப் பாகை; 1:7 கிராசிங்கினுடையது எட்டுப் பாகையைச் சற்றே தாண்டுவது. இந்தச் சிறு வேறுபாட்டால் நீளமான பயணிகள் பெட்டிகள் கிளைப்பாதைக்குள் திரும்பும்போது, அடுத்தடுத்த பெட்டிகளின் முனையிலுள்ள மோதல் தாங்கிகள் (பஃபர்கள்) ஒன்றையொன்று விலகிப் போகும் அளவு குறைகிறது. ஆறு சக்கரங்கள் இணைக்கப்பட்ட தொட்டி எஞ்சினை மிகக் குறைந்த வேகத்தில் ஊர்ந்து போகவிட்டபோது, கிராசிங்கைக் கடந்த கணம் எது என்று காதால் அறிய முடியவில்லை. எட்டு மாதங்களில் நாக்கின் நுனியில் சிறிதும் தேய்மானம் இல்லை.

மூன்றாவது பாயின்ட் கையால் செய்தது. டெம்ப்ளாட் என்னும் இலவசக் கணினி நிரலில் நிலையத்தின் வாயிலை முழுவதுமாக வரைந்துகொண்டேன். பிரிட்டிஷ் ரயில்வேயின் பாயின்ட் வடிவங்களை அடிப்படையாகக் கொண்ட அந்த நிரலில், ஒரு பாயின்ட்டை எந்த வளைவுக்கு வேண்டுமானாலும் வளைக்கலாம். வளைக்க வளைக்கக் கட்டைகளும் செக் ரெயில்களும் தாமே இடம் மாறி அமைகின்றன. வரைபடத்தை ஏ4 தாள்களில் அச்சிட்டு ஒட்டி, அதன் மீதே பாதையைக் கட்டலாம். மாதிரி ரயில் உலகத்துக்குக் கிடைத்த பெருங்கொடைகளில் ஒன்றாகவே அதைக் கருதுகிறேன். என் வரைபடத்தில் பிரதான பாதை சுமார் இரண்டு மீட்டர் ஆரமுள்ள வளைவில் வருகிறது; அதன் வெளிப்புறமாகக் கிளை பிரிகிறது. இரு பாதைகளும் விலகிச் செல்லும் அந்தக் கோடுகளைத் திரையில் பார்த்த அன்றே, இந்த ஒரு பாயின்ட்டையாவது கையால்தான் செய்ய வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

கட்டைகளுக்கும் தனித்தனி இருக்கைகளுக்கும் சி அண்ட் எல் என்னும் தயாரிப்பாளரின் வகைப் பொருள்களைப் பயன்படுத்தினேன். ஒவ்வோர் இருக்கையையும் தண்டவாளத்தில் கோர்த்து, ஆப்பு வெளிப்பக்கம் வருமாறு திருப்பி, பியூட்டனோன் கரைப்பானை ஒரு தூரிகை நுனியால் தொட்டுக் கட்டையோடு ஒட்ட வேண்டும். ஒரு பாயின்ட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட இருக்கைகள் தேவைப்படுகின்றன. கரைப்பானின் நெடி கடுமையானது; சன்னல் திறந்திருக்க வேண்டியது கட்டாயம். கேஜை நிறுத்த மூன்று கால்கள் கொண்ட முக்கோணக் கருவியைப் பயன்படுத்தினேன். அதன் இரு கால்களை வளைவின் வெளித்தண்டவாளத்திலும் ஒரு காலை உள்தண்டவாளத்திலும் வைத்தால், வளைவுக்கு ஏற்ப கேஜ் தானாகவே இம்மியளவு அகலும். நீண்ட அச்சு இடைவெளியுள்ள எஞ்சின்கள் வளைவில் சிக்கிக்கொள்ளாமல் போக அந்த இம்மி தேவை.

கிராசிங்குக்கு இரு தண்டவாளங்களை 1:7 சரிவில் அராவி, ஒன்றோடு ஒன்று பொருத்திப் பற்றவைத்தேன். முதல் இரண்டு முயற்சிகள் வீணாயின. மூன்றாவதில் மூக்கின் இருபுறமும் 1.0 மி.மீ. தகடு இழையாமலும் ஆடாமலும் நுழைந்தது. எதிர்ப்பக்கச் செக் ரெயிலின் வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். செக் ரெயிலின் முகத்திலிருந்து மூக்கு வரையுள்ள தூரம் ஈஎம் கேஜில் 17.2 மி.மீ., அதாவது 18.2-இலிருந்து 1.0 கழித்தது. சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே 16.5 மி.மீ. வைத்து, ஒரு விளிம்பின் தடிமனாக அரை மி.மீ. சேர்த்தால் 17.0 ஆகிறது. ஆகவே விளிம்பு மூக்கைத் தொடாமல் 0.2 மி.மீ. தள்ளியே போகிறது. செக் ரெயிலைச் சற்று மூக்கின் பக்கமாகத் தள்ளிப் பதித்தால் இந்த 0.2 மறைந்துபோகும், சக்கரம் மூக்கில் ஏறும். அதனால் கிராசிங்கை முதலில் பதித்து, செக் ரெயிலை அதிலிருந்து அளந்து வைக்க வேண்டுமே தவிர, பக்கத்துத் தண்டவாளத்திலிருந்து அளக்கக் கூடாது.

நாக்கின் நுனியில் நான் மற்றொரு தவறு செய்தேன். உண்மையான பாதையில், கிளை பிரியும் பக்கத்துப் பிரதான தண்டவாளம் நாக்கின் நுனிக்குச் சற்று முன்பாகச் சிறிதளவு மடக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு எளிதில் தென்படாத அந்த மடிப்புதான், நாக்கின் தடிமனுக்கு இடம்விட்டு, நுனியில் கேஜ் சுருங்காமல் காக்கிறது. மடிப்பை மறந்துவிட்டு நேராகப் பதித்தேன். எஞ்சின் கிளைக்குத் திரும்பும்போதெல்லாம் முன்சக்கரம் நாக்கின் மீது ஏறியது. காரணம் புரியாமல் நான்கு மாலைகளை நாக்கை அராவுவதிலேயே கழித்தேன். பிறகு அருகிலுள்ள பாரம்பரிய ரயில் நிலையத்துக்குப் போய், நடைமேடையின் முனையிலிருந்து பாயின்ட் ஒன்றைக் கூர்ந்து பார்த்தபோது அந்த மடிப்பு கண்ணில் பட்டது. திரும்பி வந்து ஏழெட்டு இருக்கைகளைப் பெயர்த்து, தண்டவாளத்தை மடக்கிப் பதித்தேன். அதன் பிறகு ஒருமுறைகூடச் சக்கரம் ஏறவில்லை.

இந்த மூன்றாவது பாயின்ட், அளவுகளின் சீர்மையில் மற்ற இரண்டையும் எட்டாது. கேஜ் அங்கங்கே 0.05 மி.மீ. வேறுபடுகிறது, கிராசிங்கைச் சுற்றியுள்ள சிறப்பு இருக்கைகளைச் சாதாரண இருக்கைகளை வெட்டி ஒட்டித்தான் உருவாக்கினேன். ஆனால் பலகையின் ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது, ஒரு வளைவு மற்றொரு வளைவிலிருந்து பிரிந்து, எங்கும் முறியாமல் ஒழுகிச் செல்லும் அழகு இதில்தான் இருக்கிறது. ஆற்றங்கரையில் கிளைவாய்க்கால் பிரியும் இடத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரு நாக்குகளையும் இணைத்து நகர்த்தும் குறுக்குப்பட்டை உண்மையில் மெல்லிய இரும்புக் கம்பி. மாதிரியிலோ அது ஒரு கட்டையின் அகலத்துக்குத் தெரிகிறது. நாக்கின் திறப்பும் உண்மையில் 4¼ அங்குலம், மாதிரியில் 1.4 மி.மீ.; சக்கரங்களின் பின்புறம் உரசாமல் இருக்க மாதிரியில் அதைவிடச் சற்று அதிகம் திறக்க வேண்டியிருக்கிறது. என் மூன்று பாயின்ட்களிலும் பட்டையைப் பலகைக்கு அடியில் மறைத்து, மேலே மெல்லிய கம்பியை மட்டும் போலியாக வைத்திருக்கிறேன். மெதுவாக நகரும் சர்வோ மோட்டார் ஒவ்வொன்றையும் இயக்குகிறது. சட்டெனத் தட்டி நகர்த்தும் சுருள் மோட்டார்களை இத்தகைய மெல்லிய நாக்குகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதையைப் பதிக்கும்போது இரு பாதைகளுக்கு இடையிலான தூரத்தையும் கவனிக்க வேண்டும். உண்மையான இரட்டைப் பாதையில் மையத்திலிருந்து மையத்துக்கு 11 அடி 2 அங்குலம், 4 மி.மீ. அளவில் 44.67 மி.மீ. கடையில் வாங்கும் ஓஓ பாயின்ட்களை அப்படியே இணைத்தால் 50 மி.மீ. வரும், நிலையம் முழுவதும் தளர்ந்து விரிந்ததுபோலத் தோன்றும். மேலே குறிப்பிட்ட மூன்று வழிகளிலும் சரியான தூரம் கிடைக்கிறது. தயாராக வாங்கிய பி6-இல் மட்டும் அதற்குச் சிறிது வெட்ட வேண்டியிருந்தது.

வண்ணம் பூசுவதில் மூன்றுக்கும் வேறுபாடில்லை. தண்டவாளத்தின் பக்கங்களுக்குச் செம்பழுப்பைவிட மங்கிய மண்நிறமே பொருந்துகிறது. அடிக்கடி ரயில் ஓடும் பாதையில் துரு பளிச்செனச் சிவந்திருக்காது. வெயிலிலும் மழையிலும் கிடந்த கட்டை கறுப்பாக இராமல் சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும். ஜல்லிக்கு, கடைகளில் 4 மி.மீ. அளவுக்கென்று விற்பதை விட்டுவிட்டு 2 மி.மீ. அளவுக்கான நுண்ஜல்லியையே தூவினேன். உண்மையான ஜல்லிக்கல் 50 மி.மீ. என்று கொண்டால் மாதிரியில் அது 0.66 மி.மீ. மட்டுமே, பெரிய கற்கள் இத்தனை நுட்பமான இருக்கைகளை விழுங்கிவிடும். நீர்த்த பிவிஏ பசையில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து விட்டால் கற்கள் நகராமல் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாக்கின் கீழே ஒரு துளி பசையும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது என் நிலையத்தில் இடப்பங்கீடு முடிவாகிவிட்டது. காட்சிக்குப் பின்னுள்ள மறைவிடத்திலும் சரக்கு முற்றத்தின் உட்புறத்திலும் ஐந்து பி6 பாயின்ட்கள் வரப்போகின்றன. நடைமேடைக்கு முன்னால் எஞ்சின் சுற்றி வரும் பாதையின் இரு முனைகளிலும் பிரிட்டிஷ் ஃபைன்ஸ்கேலின் பி7 இரண்டு. முதன்முறையாக ஃபைன்ஸ்கேல் பாதைக்கு, அதாவது உண்மை அளவை நெருங்கும் நுண்ணளவுப் பாதைக்கு, வருபவர் ஒரே ஒரு பொருளை வாங்க விரும்பினால், இந்தத் தொகுப்பையே வாங்கச் சொல்வேன். ஒரு பாயின்ட் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கைகளுக்குக் கற்றுத்தருவதோடு, தவறு செய்யக்கூடாத இடத்தில் தவறு செய்யவும் அது விடுவதில்லை. நிலைய வாயிலின் வளைவில் கையால் செய்த பாயின்ட் அமர்ந்துவிட்டது.

எஞ்சியிருப்பது ஒன்று. பயணிகள் ரயில் ஓடும் பாதையோடு சரக்கு முற்றம் சேரும் இடத்தில், தானாக உருண்டு வரும் வேகனைப் பிரதான பாதைக்குப் போகவிடாமல் தடம்புரளச் செய்யும் காப்புப் பாயின்ட் ஒன்று பிரிட்டனில் கட்டாயம் இருக்கும். நாக்கு மட்டும் உண்டு, கிராசிங் கிடையாது. நான் வாங்கிய இரண்டு வகைகளிலும் அது இல்லை. மூன்றாவது பாயின்ட்டுக்காக அராவி மீந்துபோன நாக்குகள் இரண்டு இழுப்பறையில் இருக்கின்றன. தண்டவாளத்தில் மடிப்பை முதலிலேயே போட்டுவிட்டேன். இருக்கைகளைக் கோர்க்கும் வேலை இந்த வாரம் தொடங்குகிறது.